அம்புஜம்மா கண்டுபிடித்த கூட்டம்

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் நாலாம் வகுப்பு முழுசாக இல்லை. ஆனால் பெங்களூர் காக்ஸ் டவுனுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, ஷாமியானா ரங்கநாதன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கை நீட்டிக் காட்டுவார்கள். சில பேர் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணமானாலும் சாவானாலும் பந்தல், நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர் எல்லாம் என்னிடமிருந்துதான் போக வேண்டும். அடுத்தவன் மூங்கிலைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனவன், பிறகு சொந்த மூங்கில் வாங்கினேன், சொந்த வண்டி வாங்கினேன், வண்டி நிறுத்த இடம் வாங்கி அதன் மேல் மாடி வீடும் கட்டினேன். எவனிடமும் கை கட்டி நின்றதில்லை.

இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது அல்ல. அந்த மாடி வீட்டில் குடியிருக்கும் அம்புஜம்மாவைப் பற்றியது. ஆனால் மாடி நான் கட்டியது என்பதால் அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆடி மாதம் அவர் குடி வந்தார். ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? என் மனைவி சந்திரம்மா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "ஆடியிலேதான் வீடு காலியா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா சாமான்களை இறக்க ஆரம்பித்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மைசூர்ப் பக்கத்து ஐயங்கார் குடும்பம், தனி ஆள். கையில் ஆம்பிளை வாட்ச். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு டிரங்குப் பெட்டி மட்டும் கல்லு மாதிரி கனத்தது. அதை யாரையும் தொட விடவில்லை. உள்ளே என்ன நகையா என்று கேட்டேன். ஐம்பதுகளில் எடுத்த வானத்துப் படங்களின் நகல் என்றார். அதை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கினாராம்.

டாக்டர் என்று வாசலில் போர்டு மாட்டியதும் தெருவில் ஜுரம் வந்தவர்கள் எல்லாம் மாடி ஏறத் தொடங்கினார்கள். இந்தம்மா பொறுமையாக எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வார். உன் உடம்புச் சூட்டைத் தெருமுனையில் நின்றே அளந்து சொல்ல எங்களிடம் கருவி உண்டு, மருந்து மட்டும் எனக்குத் தெரியாது என்று. ஒரு வாரத்தில் கூட்டம் நின்றுவிட்டது. எனக்குத்தான் வருத்தம். டாக்டரம்மா குடியிருக்கும் வீடு என்றால் ஒரு கௌரவம் அல்லவா.

அம்புஜம்மாவிடம் ஒரே ஒரு கோளாறு. பொய் வராது. பெரிய பொய் மட்டுமில்லை, சின்னதும் வராது. சந்திரம்மா ஆசையாகப் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பால் அடி பிடிச்சிருக்கு, சர்க்கரை ஜாஸ்தி" என்பார். சொல்லிவிட்டு முழுசாகக் குடித்தும் விடுவார். ஒருமுறை தண்ணீர் இலாகாக்காரர் வந்து வீட்டில் போர்வெல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, அவரைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மாடிப் படியிலிருந்து, "பின்னாடி மாமரத்துக்குக் கீழே இருக்கே, ரங்கநாதன்" என்று குரல் வந்தது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஞாபகப்படுத்தினாராம்.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே காலி பண்ணச் சொல்லியிருப்பேன். இவரைச் சொல்லவில்லை. காரணம், என் தொழிலை மதித்த ஒரே படித்த ஆள் இவர்தான்.

இரண்டாயிரத்து நாலில் நான் ஒரு ஃப்ரீசர் பெட்டி வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் வரை உடம்பைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. எங்கள் பக்கத்தில் முதல் பெட்டி என்னுடையதுதான். அதற்கென்று ஒரு வண்டி, அந்த வண்டிக்கு டென்சில் என்று ஒரு டிரைவர். டென்சில் காக்ஸ் டவுன் சர்ச்சுக்குப் பக்கத்து ஆள், அதற்கு முன்னால் சர்ச் சவ வண்டியை ஓட்டியவன். துக்க வீட்டுக்குப் போகிறோம் என்று வெள்ளைக் கோட்டு இல்லாமல் வண்டியில் ஏற மாட்டான். பெட்டி வந்த அன்று தெருவில் ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை. சந்திரம்மா என்னைக் குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். அம்புஜம்மா மட்டும் விடுவிடு என்று இறங்கி வந்து, கண்ணாடியில் கை வைத்துப் பார்த்து, எத்தனை டிகிரி வரை குளிரும் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்.

"போறாது" என்றார். "எங்க கேமராவுக்கு மைனஸ் இருநூத்து அறுபத்தெட்டு வேணும்."

யாருடைய உடம்பை வைப்பதற்கு என்று டென்சில் கேட்டான். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து விளக்கினார். அவர் பார்க்கும் படங்களை எடுப்பது அமெரிக்காக்காரர்கள் விண்வெளியில் விட்டிருக்கும் ஒரு டெலஸ்கோப்பாம். அது பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை இல்லை, அதற்கும் கீழே இருக்கும் சூட்டு வெளிச்சத்தை. அகச்சிவப்பு என்று அதற்குப் பெயர்.

"சூடா இருக்கறது எல்லாமே ஒரு வெளிச்சம் விடும், ரங்கநாதன். நீங்களும் விடறீங்க. நம்ம கண்ணுக்குத் தெரியறதில்லை, அவ்வளவுதான். கேமராவே சூடா இருந்தா தன் வெளிச்சத்திலேயே அதுக்குக் கண் கூசிப் போயிடும். அதான் குளிர வைக்கணும்."

நான் வெளிச்சம் விடுகிறேன் என்று டாக்டர் பட்டம் வாங்கியவரே சொன்னதை அன்று சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்கச் சொல்லி முடித்தேன்.

அதன் பிறகு அவர் வேலை என்ன என்பதை நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், உங்களுக்கும் புரியும். கேலக்ஸி என்பது கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு ஊர். அப்படிப்பட்ட ஊர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதுண்டு. அதுதான் கூட்டம். பக்கத்தில் இருக்கும் கூட்டங்களை எல்லாம் எப்போதோ எண்ணிவிட்டார்கள். ரொம்ப ரொம்பத் தூரத்தில் இருப்பதுதான் கஷ்டம். வெளிச்சம் அங்கிருந்து வருவதற்குள் வழியிலேயே இழுபட்டுச் சிவந்து, சிவப்பையும் தாண்டி அகச்சிவப்பாகிவிடுகிறது. சாதாரணப் படத்தில் அந்த இடம் ஏறக்குறைய வெறும் கறுப்பு. அகச்சிவப்புப் படத்தில் அதே இடத்தில் கும்பலாகப் புள்ளிகள். அம்புஜம்மா இரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று போட்டு, இதில் இல்லாமல் அதில் மட்டும் கும்பலாக நிற்பது எது என்று நாள் முழுக்கத் தேடுவார்.

அப்படி ஒரு கும்பலை அவர் பிடித்தார். தொள்ளாயிரம் கோடி வருஷத்துக்கு முன்னால் புறப்பட்ட வெளிச்சமாம். படத்தை அச்செடுத்துக் கீழே கொண்டுவந்து காட்டினார். கறுப்பில் மிளகாய் விதை சிதறின மாதிரி சிவப்புப் புள்ளிகள். நட்ட நடுவில் ஒன்று மட்டும் தடியாக, பிரகாசமாக இருந்தது. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கை கட்டி நிற்பது மாதிரி. இது யார் என்று கேட்டேன். இதுதான் கூட்டத்துக்கே பெரிய கேலக்ஸியாக இருக்கலாம் என்றார்.

"அப்போ இதுக்கு என் பேரை வெச்சிடுங்க" என்றேன்.

கேலக்ஸிக்கு அப்படி எல்லாம் பேர் வைப்பதில்லை, நம்பர்தான் என்றார். வீட்டு அளவிலாவது வைக்கலாமே என்றேன். வீட்டு அளவில் உங்கள் இஷ்டம் என்றார். அவ்வளவு போதாதா? படத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டினேன். நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு அம்பு போட்டு, ரங்கநாதன் கேலக்ஸி என்று பெயின்டரை வைத்து எழுதினேன். நாற்காலி வாடகைக்கு வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆனால் அம்புஜம்மாவின் ஆபீஸில் அதை நம்பவில்லை. கோரமங்கலா பக்கம் வானத்து ஆராய்ச்சி நடக்கும் ஒரு நிறுவனம் அது. அங்கே அவருக்கு மேல் வெங்கடராமன் என்று ஒருவர். வயதில் சின்னவர், பதவியில் பெரியவர், கெட்டவர் இல்லை. அவர் சொன்னது இதுதான்: இது கூட்டமே இல்லை, தற்செயல். வெளிநாட்டு ஆட்கள் சிலரும் அதையே சொன்னார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. என் பெயர் வைத்த இடத்தைப் பற்றி எப்படிப் பேசலாம். அம்புஜம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"அவன் கேக்கறது நியாயம்தான்" என்றார். "சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டை ஒரு மொட்டை மாடியிலேர்ந்து பார்க்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஒரு இடத்திலே நிறையப் பேர் நிக்கறா. ஒரே குடும்பமா கல்யாணத்துக்குப் போறாளா, இல்லை ஒருத்தன் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒருத்தன் அந்தப் பக்கமும் நின்னு, நமக்கு மட்டும் சேர்ந்த மாதிரி தெரியறதா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

ஒவ்வொருத்தனாகப் பிடித்துக் கேட்க வேண்டியதுதான் என்றேன்.

"அதான். ஒவ்வொரு கேலக்ஸியோட வெளிச்சத்தையும் தனித்தனியா பிரிச்சுப் பார்த்து, எவ்வளவு தூரம்னு கேக்கணும். எல்லாம் ஒரே தூரம்னு சொன்னா, கூட்டம். ஆளுக்கொண்ணு சொன்னா, பஸ் ஸ்டாண்டு."

அதைக் கேட்பதற்கு ஹவாய் தீவில் ஒரு மலை மேலே இருக்கும் பெரிய டெலஸ்கோப் வேண்டும். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் அதற்கு வரிசையில் நிற்கிறார்களாம். அம்புஜம்மாவுக்கு எழுதி எழுதி கடைசியில் பாதி ராத்திரி கிடைத்தது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். அந்த மாதக் கடைசியில்தான் அவருக்கு ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனவருக்கு அந்த டெலஸ்கோப்பில் ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. அந்தப் பாதி ராத்திரியில் கேட்க முடியாவிட்டால், இது பஸ் ஸ்டாண்டாகவே ஃபைலில் மூடப்பட்டுவிடும். இவ்வளவு வருஷம் பார்த்த வேலைக்கு அதுதான் முடிவு. அவர் அதைச் சொன்னபோது குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து என் சுவரெல்லாம் நனைந்தது. அதிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

ரத்தக் கொதிப்பு இருப்பதால் அந்த உயரமான மலைக்குப் போகக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. அதனால் கோரமங்கலா ஆபீஸில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகவும் டெலிபோன் வழியாகவும் அந்த மலையில் இருப்பவரிடம் பேசிப் பார்க்க ஏற்பாடு. அங்கே ராத்திரி என்றால் நமக்குப் பகல். காலையில் பத்தரை மணிக்குத் தொடங்கிச் சாயங்காலம் காபி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தத் தேதிக்குத்தான் பந்த் அறிவித்தார்கள்.

எதற்கான பந்த் என்று இப்போது நினைவில்லை. பெங்களூரில் பந்துக்கா பஞ்சம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஆபீஸ் கார் வராது என்று போன் வந்துவிட்டது. பந்த் என்று சொன்னால் ஹவாய்க்காரனுக்கு என்ன தெரியும்? காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அம்புஜம்மா தோளில் பை, கையில் லேப்டாப், காலில் கான்வாஸ் ஷூவுடன் படி இறங்கினார். எங்கே என்றேன். கோரமங்கலாவுக்கு நடக்கப் போகிறேன் என்றார். அவர் முட்டிக்கு எங்கள் தெருமுனைப் பால் பூத்தே வெளியூர்.

நான் தொழில் தெரிந்தவன். எந்தப் பந்திலும் நிற்காமல் ஓடும் வண்டி இந்த ஊரில் ஒன்றுதான் உண்டு. அதை வைத்திருப்பவன் நான். டென்சிலைக் கூப்பிட்டேன். வெள்ளைக் கோட்டுடன் வந்தான்.

அம்புஜம்மா வண்டியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "யார் செத்துப் போயிட்டான்னு சொல்றது?" என்று கேட்டார்.

யாரும் சாகவில்லை, சும்மா போகலாம் என்றேன். அப்படியானால் வரவில்லை என்றார். உடம்பை எடுத்து வரப் போகிறோம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன்.

"என்னைக் கேட்டா நிஜத்தைத்தான் சொல்லுவேன்."

"கேக்க மாட்டாங்க மேடம்" என்றான் டென்சில். "டெட் பாடி வண்டியில எவனும் டவுட் கேக்க மாட்டான். இருபது வருஷ சர்வீஸ்ல ஒருத்தன் கேட்டதில்ல."

கல்லெறிந்தால் என்ன செய்வது என்று லேப்டாப்பையும் படங்களையும் ஃப்ரீசர் பெட்டிக்குள் வைத்து மூடினோம். சந்திரம்மா வடை கட்டிக் கொடுத்தாள். கிளம்பினோம்.

அல்சூர் ஏரி தாண்டுகிற வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கப்புறம் ரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தது. கொடியும் துண்டுமாகப் பத்து இருபது பையன்கள் குறுக்கே நின்றார்கள். டென்சில் வண்டியை மெதுவாக்கி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். நல்ல பழக்கம் உள்ள முகம் அது. தலைவன் மாதிரி இருந்தவன் மரியாதையாகத்தான் வந்தான். உடம்பு எங்கே என்று கேட்டான். இனிமேல்தான் எடுக்கப் போகிறோம், இந்தம்மாவுக்கு வேண்டப்பட்டவர்கள் என்று என் கன்னடத்தில் சொன்னேன். அவன் திரும்பி, பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்புஜம்மாவிடம் இரக்கமாக, "யாரம்மா தீர்க்கொண்ட்ரு?" என்றான். யார் தவறிப்போனது என்று.

டென்சிலின் இருபது வருஷ சர்வீஸ் அங்கே முடிந்தது.

அம்புஜம்மா பேசிய கன்னடம் அந்தப் பையன் பேசியதை விடச் சுத்தமானது. நான் தமிழில் சொல்கிறேன்.

"ஒருத்தர் இல்லைப்பா. ஒரு பெரிய கூட்டம். நூத்துக்கணக்கில் இருக்காங்க."

பையன் ஒரு அடி பின்னால் போனான். பஸ் விபத்தா என்று கேட்டான்.

"தெரியலை. இப்போ இருக்காங்களா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. நான் பார்த்தது தொள்ளாயிரம் கோடி வருஷத்துக்கு முன்னாடி அவங்க இருந்த கோலம்."

பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்களுக்கு நெருங்கின உறவா அம்மா?"

"எனக்கு உறவு இல்லை. அவங்க ஒருத்தருக்கொருத்தர் உறவா இல்லையாங்கறதுதான் கேள்வி. அதை இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளே நான் தெரிஞ்சுண்டாகணும். விட்டா வேற நாள் கிடையாது." அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை.

பையனுக்கும் கலங்கிவிட்டது. பெரிய துக்கத்தில் பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்று என் காதில் சொன்னான். கழுத்தில் போட்டிருந்த சாமந்தி மாலையைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்தான். டயரை ஓரமாகத் தள்ளச் சொன்னான். அதோடு நிற்கவில்லை. வழியில் வேறு ஆட்கள் தொந்தரவு பண்ணுவார்கள் என்று இரண்டு மோட்டார் சைக்கிளை முன்னால் அனுப்பினான். பந்த் நடத்துகிறவர்களே கொடி பிடித்து வழிகாட்ட, டொம்லூர் வழியாக மந்திரி போவது மாதிரி போனோம். என் வண்டிக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு என்றாலும், அன்று கொஞ்சம் அதிகம்தான்.

டொம்லூர் தாண்டியதும் டென்சில் வாயைத் திறந்தான். "பாஸ், நீங்க சொன்ன பொய்ய அவன் நம்பல. மேடம் சொன்ன நிஜத்தையும் நம்பல. ஆனா விட்டுட்டான்."

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஆபீஸ் கேட்டில் காவலாளி நின்றிருந்தான். காலையிலிருந்து அம்புஜம்மா வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தவன், மோட்டார் சைக்கிள் பின்னால் மாலை போட்ட பெட்டியுடன் சவ வண்டி வருவதைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். நாங்கள் ஒரு வார்த்தை சொல்வதற்குள் உள்ளே போன் போட்டுவிட்டான். வெங்கடராமன் அந்த வளாகத்திலேயே குடியிருப்பவர். வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். வண்டியின் முன்பக்கம் வந்து நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு, நாத்தழுதழுக்கச் சொன்னார்:

"நேத்து சாயங்காலம்கூடப் போன்ல பேசினாங்களே சார். நான்தான் ரொம்ப எதிர்த்துப் பேசிட்டேன். அது நிஜமாவே கூட்டமாத்தான் இருந்திருக்கும் சார், பாவம்."

பின்கதவு திறந்தது. அம்புஜம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இப்போ சொன்னதை எழுத்திலே தருவியா, வெங்கட்?"

அந்த மனுஷர் முதலில் என் கையை விட்டார். பிறகு பேசியது, சாட்சி இல்லாமல் எதையும் எழுத்தில் தர முடியாது என்பது. கெட்டவர் இல்லை என்றேன் அல்லவா, தொழிலில் கறார், அவ்வளவுதான்.

லேப்டாப்பை எடுத்தால் அது ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. பெட்டிக்குள் எதையாவது வைத்தால் சுவிட்சைப் போடுவது டென்சிலின் பழக்கம். அதை வெயிலில் உலர்த்திவிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்தார்கள். என்னையும் உள்ளே விட்டார்கள். வண்டி கொடுத்தவன் அல்லவா. மூலையில் நாற்காலி போட்டு வடையோடு உட்கார்ந்தேன். இரண்டு பெரிய திரை. ஒன்றில் ஹவாய் வானம். ஸ்பீக்கரில் அந்தத் தீவுக்காரரின் குரல், தூக்கக் கலக்கமாக.

விஷயம் இப்படி. ஒவ்வொரு கேலக்ஸியையும் தனியாகக் கேட்பதற்கு ஒரு உலோகத் தகட்டில் ஆளுக்கொரு கீறல் போட்டிருக்கிறார்கள். தகடு சரியாக நிற்கிறதா என்று பார்க்க, அதில் நாலு சதுர ஓட்டை. நாலு பிரகாசமான நட்சத்திரங்கள் நாலு ஓட்டையில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் கீறல்கள் கேலக்ஸிகளுக்கு நேராக வரும். இல்லாவிட்டால் வெறும் இருட்டைத்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நட்சத்திரங்கள் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் தகட்டை இப்படித் திருப்பும், அப்படித் திருப்பும். ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போகும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தீவுக்காரர் கொட்டாவி விடுவது காக்ஸ் டவுன் வரை கேட்டிருக்கும். தகட்டைத் தப்பாக வெட்டிவிட்டார்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடலாம் என்றார் வெங்கடராமன்.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. "சுத்தியலை எடுத்து ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"ரங்கநாதன், வடை சாப்பிடுங்க" என்றார் அம்புஜம்மா, திரும்பாமல்.

அவர் திரையில் இருந்த மூன்றாவது நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தகடு மேலே தப்பில்லை, வெங்கட். தப்பு என்னுது. புது கேமராவுக்கு இந்த மாதிரி பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தா கண் கூசும், இடம் சரியா தெரியாது. அதனாலே நாலுக்கும் விலாசம் என் டிரங்குப் பெட்டிப் படத்திலேர்ந்து எடுத்தேன். அது எடுத்து அம்பது வருஷமாச்சு. இந்த மூணாவது, பாரு, சிவப்பா இருக்கு. இது கேலக்ஸி மாதிரி தூரத்துச் சிவப்பு இல்லை, குட்டி நட்சத்திரத்தோட சிவப்பு; குட்டி இவ்வளவு பிரகாசமா தெரிஞ்சா ரொம்பப் பக்கத்து நட்சத்திரம். பக்கத்திலே இருக்கறது நகரும். அம்பது வருஷமா எனக்காக அங்கேயே உக்காந்திருக்குமா?"

யாரையும் தொட விடாமல் வைத்திருந்த அந்தப் பெட்டியே அவர் காலை வாரிவிட்டிருந்தது. அவர் தீவுக்காரரிடம், மூன்றாவதை விட்டுவிடு, மற்ற மூன்றையும் வைத்துத் தகட்டைத் திருப்பு என்றார். கம்ப்யூட்டர் ஒருமுறை திருப்பியது. மூன்று நட்சத்திரமும் மூன்று ஓட்டையில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தன. அந்த மூன்றாவது நட்சத்திரத்தின் ஓட்டை மட்டும் காலி. அது எங்கேயோ ஊர் சுற்றப் போயிருந்தது.

என் சுத்தியல் யோசனையும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதற்கப்புறம் பார்க்க ஒன்றுமில்லை. திரையில் சாம்பல் நிறக் கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. அம்புஜம்மா அதையே பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வடையை வெங்கடராமன் சாப்பிட்டார். பதில் கூட்டமா, பஸ் ஸ்டாண்டா என்று கேட்டேன். அந்தக் கோடுகளைச் சுத்தம் பண்ணிப் படிக்கவே நாள் ஆகும் என்றார்கள். திரும்பி வரும்போது பந்த் முடிந்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். அப்போது எவனும் வழி விடவில்லை.

அந்த மாதக் கடைசியில் வழியனுப்பு விழா. ஆபீஸ் புல்வெளியில் ஷாமியானா யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு வெள்ளைத் துணி, புது நாற்காலி. முதல் வரிசையில் நான், பட்டு ஜிப்பாவில். பக்கத்தில் சந்திரம்மா, என் மச்சினர் குடும்பம், மார்க்கெட்டிலிருந்து நாலைந்து வியாபாரிகள். என் கேலக்ஸியைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன். பதில் வந்துவிட்டது என்று மட்டும் தெரியும். அம்புஜம்மா எங்களிடம் மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம்.

அவர் மைக் முன்னால் வந்தார். திரையில் என் கல்லாவுக்கு மேலே இருக்கும் அதே படம் வந்தது. சிவப்புப் புள்ளிகளில் பத்துக்கு மேல் வட்டம் போட்டிருந்தது.

"வட்டம் போட்டது எல்லாம் ஒரே தூரம்" என்றார். "கூட்டம்தான்."

கைதட்டினார்கள். வெங்கடராமன்தான் முதலில் எழுந்து தட்டினார். எழுந்தபடியே, எழுத்தில் தருகிறேன் மேடம் என்றார். அதோடு, இனிமேல்தான் வேலையே இருக்கிறது, அம்புஜம்மாவின் அறையும் நாற்காலியும் அவருக்கே இருக்கட்டும் என்று நிறுவனம் முடிவு செய்திருப்பதாகவும் சொன்னார். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அப்போதுதான் என் மச்சினர் என் முழங்கையை இடித்தார். "மாமா, நடுவுல உங்களுக்கு வட்டம் போடலியே."

நான் பார்த்தேன். சுற்றி இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிக்கெல்லாம் வட்டம். நட்ட நடுவில் தடியாக, பிரகாசமாக நின்ற என் கேலக்ஸிக்கு இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்று ஞாபகப்படுத்தினேன். போர்வெல் விஷயத்தில் அவர் எனக்குச் செய்த உதவிதான்.

"மறக்கலை, ரங்கநாதன்" என்றார் அம்புஜம்மா மைக்கிலேயே. "அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. நமக்கும் அதுகளுக்கும் நடுவிலே வழியிலே நிக்கறது. பக்கத்திலே இருக்கறதாலே பெரிசா தெரியறது. அவ்வளவுதான்."

ஷாமியானா முழுக்கச் சிரித்தது. என் ஷாமியானா. டென்சில்கூட வெள்ளைக் கோட்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தான். சந்திரம்மா தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் உட்காரவில்லை. எவனிடமும் கை கட்டி நிற்காதவன் ஒரு சிரிப்புக்கு உட்காருவேனா? ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இங்கிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் போகிறவன் எவனானாலும், முதலில் யாரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்?

அம்புஜம்மா கொஞ்சம் யோசித்தார். அவருக்குத்தான் பொய் வராதே.

"உங்களைத்தான்" என்றார்.

படம் இன்னும் கல்லாவுக்கு மேலேயே இருக்கிறது. அம்பையும் நான் அழிக்கவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டு, பெயருக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்து எழுத வைத்தேன்: கூட்டத்துக்குப் போகிறவர்கள் இங்கே விசாரிக்கவும்.